எந்தப் படியில் நிற்கிறது குழந்தை?

தென் கொல்கத்தாவின் டாலிகஞ்ச் என்றதும் வங்காள சினிமாதான் பலருக்கும் நினைவுக்கு வரும். படப்பிடிப்புத் தளங்கள் இங்கேதான். மெட்ரோ நிலையத்துக்கே நடிகர் உத்தம்குமாரின் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கும் இந்த இடத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தைக் கும்பினியார் கொல்கத்தாவுக்கு அனுப்பி, இந்தப் பகுதியில் குடியமர்த்தினார்கள். நாடு பிரிந்தபோது கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் இதன் சுற்றுப்புறத்தில் பிஜய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் என்று காலனிகள் அமைத்தார்கள். தலைக்கு மேல் கூரை வந்த சூட்டோடு பள்ளிக்கூடங்களையும் தாங்களே எழுப்பிக்கொண்டார்கள்.

படிப்பை அவ்வளவு பெரிதாக மதித்த இந்தப் பகுதியில், இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் எத்தனை குழந்தைகளால் இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னக் கதையைத் தட்டுத் தடுமாறாமல் வாசிக்க முடியும்? இந்தியாவின் மிகப் பெயர்பெற்ற வாசிப்புக் கணக்கெடுப்பைப் புரட்டினாலும் இதற்கு விடை கிடைக்காது. பிரதம் அமைப்பு 2005இல் தொடங்கிய ஏசர் கணக்கெடுப்பு கிராமங்களுக்குரியது. டாலிகஞ்சின் சந்துகள் அதன் வரைபடத்தில் இல்லை.

மேற்கு வங்கத்தின் கிராமங்கள் எப்படி இருந்தன என்பது மட்டும் தெரியும். 2018இல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 37 பேர் அந்தக் கதையை வாசித்தார்கள். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த 2021 டிசம்பரில் அது ஏறக்குறைய 28 ஆகக் குறைந்திருந்தது. இத்தனைக்கும், 2022 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலக் கிராமங்களில் பள்ளி செல்லும் குழந்தைகளில் நூற்றுக்கு 74 பேர் காசு கொடுத்து டியூஷன் போகிறார்கள். அகில இந்திய அளவில் இது 30 சொச்சம்தான். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், நடுவில் வீட்டுப்பாடம். இவ்வளவுக்குப் பிறகும் வாசிப்பு வரவில்லை என்றால், இந்த மூன்று இடங்களிலும் ஒரே தவறு நடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. மூன்றும் பாடப்புத்தகத்தின் இன்றைய பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. குழந்தை நிற்கும் இடத்திலிருந்து எதுவும் தொடங்குவதில்லை.

குழந்தை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவி ஒரே ஒரு தாள். அதில் நான்கு பகுதிகள்: சில எழுத்துகள், சில எளிய சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் நான்கு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை. குழந்தையைத் தனியே உட்காரவைத்து முதலில் பத்தியைக் காட்டுகிறார்கள். பத்தியை வாசித்துவிட்டால் கதைக்குப் போகலாம். முடியாவிட்டால் சொற்களுக்கு இறங்க வேண்டும். ஐந்து சொற்களில் நான்கு வராவிட்டால் எழுத்துகள். இறுதியில் குழந்தைக்கு மதிப்பெண் எதுவும் கிடைப்பதில்லை. எந்தப் படி என்பது மட்டும் குறிக்கப்படுகிறது. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

தாளில் இருக்கும் பத்தி பாடப்புத்தகத்தில் வராததாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். நம் வகுப்பறைகளில் பாடத்தை மொத்தமாகக் கோரஸாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துவிட்ட குழந்தைகள் ஏராளம். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அது வாசிப்பாகவே தெரியும். புதிய நான்கு வரியைக் கொடுத்தால்தான் உண்மை வெளிவரும்.

கணக்கெடுப்பும் வகுப்பறைச் சோதனையும் ஒரே தாளைப் பயன்படுத்தினாலும் அவற்றின் வேலை வேறு. ஒரு மாவட்டத்தின் நிலையை அறிய, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு போதும். சரியாகத் தேர்ந்தெடுத்த சில நூறு வீடுகள் மாவட்டத்தைச் சொல்லிவிடும். வகுப்பறையில் அந்தப் பழமொழி செல்லாது. அங்கே ஒவ்வொரு பருக்கையையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் ஒன்று வெந்திருக்கும், பக்கத்தில் இருப்பது அரிசியாகவே இருக்கும். வகுப்புச் சராசரி என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு குழந்தைக்குக்கூட எதையும் கற்பிக்க முடியாது.

நான்காம் வகுப்பில் இரண்டு சிறுமிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வங்க மொழித் தேர்வில் நூற்றுக்கு 22. முதல் சிறுமியின் தாய்மொழியே வங்கம். வாயைத் திறந்தால் கதை கதையாகச் சொல்வாள். தனியெழுத்துகள் எல்லாம் தெரியும், ஆனால் எழுத்தோடு உயிர்க்குறி சேர்ந்தவுடன் தடுமாறுகிறாள். இரண்டாவது சிறுமியின் வீட்டில் போஜ்புரி. பத்தியைத் தங்குதடையின்றி உரக்க வாசித்துவிடுகிறாள், ஆனால் வாசித்தது என்ன என்று கேட்டால் விழிக்கிறாள். மதிப்பெண் பட்டியலில் இவர்கள் அடுத்தடுத்த வரிகளில் இருப்பார்கள். ஆசிரியர் இருவருக்கும் ஒரே 'கூடுதல் பயிற்சி' கொடுத்தால் இருவருடைய நேரமும் வீணாகும்.

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு உளவியலாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் ஒன்று, பேச்சு மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிந்துகொள்ளுதல். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்றதில்தான் அவர்களுடைய கருத்தின் கூர்மை இருக்கிறது. ஒன்று பூஜ்யமாக இருந்தால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்யம்தான். முதல் சிறுமிக்கு எழுத்துப் பயிற்சி வேண்டும். இரண்டாமவளுக்கு வங்க மொழியில் பேச்சும் கதையும் சொல்வளமும் வேண்டும். பல மொழிக் குடும்பங்கள் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் நகரத்தில் இந்த வேறுபாட்டைக் கண்டறியாத சோதனை அரைச் சோதனைதான்.

முதல் சிறுமி எங்கே தடுக்கி விழுகிறாள் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆங்கிலக் குழந்தை 26 எழுத்துகளை ஓர் ஆண்டுக்குள் அறிந்துவிடும். இந்திய எழுத்துமுறைகளில் அப்படி நடப்பதில்லை. கன்னடம் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகளைக் கற்பதே நான்காம் வகுப்பு வரை நீள்கிறது என்று 2007இல் காட்டினார். வங்க எழுத்தில் இகரக் குறி மெய்க்கு இடப்பக்கம் வரும். எழுதுவது முன்னால், ஒலிப்பது பின்னால். நமக்கு இது புதிதல்ல. தமிழில் கெ, கே, கை எல்லாம் இப்படித்தான். 'கொ' எழுதினால் கொம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். வங்கக் குழந்தைக்கு இதற்கு மேலும் ஒரு மலை காத்திருக்கிறது: ஜுக்தாக்ஷர் எனப்படும் கூட்டெழுத்துகள். இரண்டு மெய்கள் சேர்ந்து, சில இடங்களில் தாய் தந்தை இருவர் சாயலும் இல்லாத மூன்றாவது உருவம் பிறக்கும். புள்ளி வைத்து மெய்யைப் பிரித்துக் காட்டும் தமிழ் இந்த ஒரு விஷயத்தில் குழந்தைக்கு மிகவும் கருணையானது. ஆனால் ஒரே 'க' சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரியும் நடுவில் வேறு மாதிரியும் ஒலிப்பதால், நம் குழந்தைகளுக்கு வேறு வகையான சிக்கல் வருகிறது.

ஆகவே, 'எழுத்துப் படியில் நிற்கிறாள்' என்பது தொடக்கம்தான். அவள் செய்த தவறுகளைக் குறித்துவைத்தால் அடுத்த வாரத்துக்கான பாடம் அதிலேயே இருக்கிறது. குறி சேர்ந்த எழுத்துகளில் மட்டும் தவறினால் உயிர்மெய் அட்டவணையைத் தினமும் ஓட்ட வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் சரியாகச் சொல்லிவிட்டுச் சொல்லாகச் சேர்க்க முடியவில்லை என்றால் தேவை எழுத்துப் பயிற்சி அல்ல, வேகம். எழுத்து எழுத்தாக உழும் குழந்தை சொல்லின் முடிவுக்கு வரும்போது தொடக்கத்தை மறந்துவிடும். மனத்தின் வேலைப்பரப்பு அவ்வளவு சிறியது. மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்கள் என்று இலக்கு வைத்ததன் காரணமும் இதுதான். அந்த எண்ணை மொழிக்கு மொழி அப்படியே பெயர்த்து வைக்கக் கூடாது. 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பது தமிழில் ஒரே சொல்.

இனி, இந்த அத்தியாயத்தின் மிகக் கசப்பான பகுதி. சோதித்தால் போதும், தகவல் கிடைத்துவிட்டால் ஆசிரியர்களும் பெற்றோர்களும் தாமாகவே செயல்படுவார்கள் என்ற நம்பிக்கையை இந்தியாவில் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கே சொல்லப்போகும் மூன்று முறையும் அது தோற்றது.

உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 2005–06இல் ஒரு பரிசோதனை நடந்தது. சில கிராமங்களில் கூட்டம் போட்டுப் பள்ளியைப் பற்றிய தகவல்களைச் சொன்னார்கள். வேறு சில கிராமங்களில் ஊர்மக்களுக்கே சோதனைத் தாளைக் கொடுத்து, தங்கள் குழந்தைகளைத் தாங்களே சோதித்து ஊர் அறிக்கை தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மக்கள் சோதித்தார்கள். அறிக்கையும் வந்தது. பள்ளியில் எதுவும் மாறவில்லை, குழந்தைகளின் வாசிப்பும் உயரவில்லை. ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 100 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு, ஒவ்வொரு மாணவரும் எதில் வலு, எதில் குறை என்று விளக்கும் விரிவான அறிக்கையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்டு முடிவில் அந்தப் பள்ளிகளுக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. ஹரியானாவில் தொடர் மதிப்பீட்டு முறையை 2012இல் 500 பள்ளிகளை வைத்து ஆராய்ந்தபோதும் அதே முடிவு. அடிக்கடி சோதித்தார்கள், பதிவேடுகள் நிரம்பின, குழந்தைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

ஹரியானாவின் கதை இங்கே முடியவில்லை என்பதுதான் என்னை இந்த அத்தியாயத்தை எழுத வைத்தது. அதே மாநிலத்தில், அதே ஆய்வின் இன்னொரு பகுதியாக, சில அரசுப் பள்ளிகளில் வேறொன்றைச் செய்தார்கள். சோதனை முடிந்ததும் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளைக் கலைத்து, படிவாரியாக உட்காரவைத்தார்கள். பள்ளி நாளில் ஒரு மணி நேரம் இதற்கென்றே சேர்க்கப்பட்டது. எழுத்துப் படியில் இருந்த ஐந்தாம் வகுப்புப் பையன், எழுத்துப் படியில் இருந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணோடு உட்கார்ந்தான். அதே ஆசிரியர்கள், அதே கட்டடம். இந்தி வாசிப்பு முன்னேறியது. உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ், சீதாப்பூர் மாவட்டங்களில் 2013–14இல் பிரதம் ஊழியர்கள் இதையே பத்து நாள், இருபது நாள் முகாம்களாக, ஓர் ஆண்டில் மொத்தம் 50 நாள் நடத்தினார்கள். முடிவில் முகாம் நடந்த பள்ளிகளில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் பத்தியோ கதையோ வாசித்தார்கள். முகாம் நடக்காத பள்ளிகளில் ஏறக்குறையக் கால்வாசிப் பேர்.

வெறும் சோதனைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. சோதனையின் விளைவாக மறுநாள் காலை குழந்தை உட்காரும் இடம் மாறியது, கையில் இருந்த புத்தகம் மாறியது, அதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. இந்த மூன்றும் மாறாத இடத்தில் தரவு என்பது ஆசிரியர் முதுகில் ஏற்றிய இன்னொரு சுமை மட்டுமே. தமிழ்நாட்டிலும் எமிஸ் செயலியில் விவரங்களைப் பதிந்து பதிந்தே பாட நேரம் போகிறது என்று ஆசிரியர் அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. அவர்கள் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

ஆசிரியர்கள் ஏன் தாமாக இப்படிச் செய்வதில்லை? சோம்பல் என்ற விடையைப் பீகார் பொய்யாக்கியது. அங்கே 2008 கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே ஒரு மாத முகாம் நடத்தியபோது வாசிப்பு உயர்ந்தது. அதே பயிற்சிப் பொருட்களைப் பள்ளி ஆண்டின் நடுவே கொடுத்து விட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. கோடையில் இல்லாதது பாடத்திட்டத்தின் நெருக்கடி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியருக்கு இரண்டு கடமைகளை அடுத்தடுத்து வைக்கிறது: குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவையான கூடுதல் கற்பித்தலைத் தர வேண்டும். முதல் கடமையை அதிகாரிகள் கேட்கிறார்கள். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை.

இந்த ஆய்வுகளில் பலவற்றின் பின்னால் இருக்கும் அபிஜித் பானர்ஜி தென் கொல்கத்தாவில் வளர்ந்தவர், அங்குள்ள சவுத் பாயிண்ட் பள்ளியில் படித்தவர். எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகியோரோடு அவர் 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் அவரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் காய்கறி விற்கும் 1,400க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றியது. சந்தையில் பல படிகள் கொண்ட கணக்கை மனத்திலேயே போட்டுச் சரியாகச் சில்லறை கொடுத்த குழந்தைகள், பள்ளி வடிவில் எழுதிக் கொடுத்த எளிய கணக்கில் தோற்றார்கள். சந்தை அறியாத பள்ளிக் குழந்தைகளுக்கு நேர் எதிர்ப்பக்கம் இடறியது. வாசிப்பைச் சோதிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. தாளில் தெரியாததெல்லாம் தலையில் இல்லாததாகிவிடாது. சோதனை அந்தத் தாளைப் பற்றித்தான் பேசுகிறது. புதியவரைக் கண்டு மிரண்ட குழந்தை நாளை வேறு படியில் இருக்கலாம். மிகக் குறைவாக எடுத்தவர்களை மட்டும் மறுபடி சோதித்தால், எந்தப் பயிற்சியும் இல்லாமலே சிலர் சற்று மேலே வருவார்கள். இதைப் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். ஒப்பிடுவதற்கு வேறு பள்ளிகளை வைத்துக்கொள்ளாமல் ஒரு திட்டத்தின் வெற்றியைப் பறைசாற்றுகிறவர்களை இதனால்தான் சந்தேகத்தோடு கேட்க வேண்டும்.

கொல்கத்தாவுக்குப் படிவாரிக் கற்பித்தல் புதிதும் அல்ல. சியால்தா லொரேட்டோ பள்ளியில் சிஸ்டர் சிரில் 1985இல் தொடங்கிய ரெயின்போ திட்டத்தில், தெருவோரக் குழந்தைகளுக்கு அந்தப் பள்ளியின் மாணவிகளே ஒருவருக்கு ஒருவராக அமர்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். எதிரே ஒரே குழந்தை இருக்கும்போது அது நிற்கும் படியைப் பாராமல் பாடம் நடத்தவே முடியாது. 2022 பிப்ரவரியில் மேற்கு வங்க அரசு 'பாராய் சிக்ஷாலய்' என்று திறந்தவெளியில் வகுப்புகளைத் தொடங்கியபோது, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பள்ளியைப் பாராத குழந்தைகள் வந்து உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் வகுப்பு எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

தமிழ்நாட்டில் அந்தக் காலத்தை இல்லம் தேடிக் கல்வி எதிர்கொண்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் தெருவிலேயே வகுப்பெடுத்தார்கள். அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளை ஆராய்ந்தபோது, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள், மூடலால் நேர்ந்த கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறையக் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை மூன்று படிகளில் வைத்தது. படிகளின் பெயர் அழகாக இருக்கிறது. அரும்பில் இருக்கும் குழந்தை எத்தனை வாரத்தில் மொட்டுக்கு வந்தது, வராவிட்டால் ஆசிரியர் எதை மாற்றினார் என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி.

எவ்வளவு செய்தாலும் நகராத சில குழந்தைகள் இருப்பார்கள். மற்றவர்கள் இரண்டு படி ஏறிவிட்ட பிறகும் எழுத்துப் படியிலேயே நிற்கும் குழந்தையைப் பற்றித்தான் தரவு மிக உரக்கப் பேசுகிறது. முதலில் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பிறகு கண்ணும் காதும். அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் இந்திய மொழிகளுக்கென்றே டாலி என்ற சோதனைத் தொகுப்பை வெளியிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நல்ல பயிற்சியே கிடைக்காத குழந்தைக்கு இந்த முத்திரையைக் குத்துவது அநியாயம். பயிற்சி கிடைத்தும் நகராத குழந்தையைச் சோம்பேறி என்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

இதை வாசிக்கும் நீங்கள் ஆசிரியராகவோ, மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வலராகவோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோராகவோ இருந்தால் ஒரு வேண்டுகோள். குழந்தைகளைச் சோதிக்கும் முன்பே, சோதனைக்கு மறுநாளிலிருந்து தினம் ஒரு மணி நேரத்தைப் படிவாரி வகுப்புக்கு ஒதுக்கித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். கால அட்டவணையில் அந்த மணி நேரம் எழுதப்பட்ட பிறகு தாளைக் கையில் எடுங்கள்.